உடன் வருபவர் எண்ணிக்கையில் சேரார்

1. காலஞ்சென்ற சூசையின் மகனும், நாற்பத்தாறு வயதுடையவனும், திண்டுக்கல் நகரில் வசிப்பவனும், வழக்கறிஞரும் நோட்டரியுமான செலஸ்டின் ஆகிய நான், இந்தக் குறிப்புகளை என் சுயநினைவுடன், எவருடைய தூண்டுதலும் இன்றி எழுதத் தொடங்குகிறேன்.

2. என் மனைவி ஜெசிந்தா இந்நகரின் தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலியர். அயர்லாந்தில் பணிபுரிய விண்ணப்பித்திருக்கிறார். ஆள் அனுப்பும் கொச்சி நிறுவனத்தின் நேர்காணலில் தேறிவிட்டார். எஞ்சியிருப்பது அந்நிறுவனம் நடத்தும் ஆங்கில இலக்கணத் தேர்வு ஒன்றுதான். அதில் தேறினால் போகலாம், தேறாவிட்டால் போவதற்கில்லை.

3. எழுவாயும் வினைச்சொல்லும் ஒத்துப்போவது, பிரதிப்பெயரைச் சரியாகத் தேர்வது ஆகிய இரண்டிலிருந்தே பெரும்பாலான வினாக்கள் வருமென்று கேள்வி. அவற்றைச் சொல்லித் தரும்படி மேற்படி ஜெசிந்தா என்னைக் கேட்டுக்கொண்டார். நான் சம்மதித்தேன்.

4. பாடம் எந்த இடத்தில் நின்றது என்பது மறந்துவிடாமல் இருக்கவே இந்தக் குறிப்புகள். வேறு நோக்கம் இல்லை.

ஜூன் 10, திங்கள்

பேருந்து நிலையத்தின் அருகில் உள்ள கடையில் வழிகாட்டி நூல் ஒன்று வாங்கினேன். மாலையில் ஜெசிந்தா பணி முடிந்து வந்து, குளித்து, காபி குடித்த பின் சாப்பாட்டு மேசையில் பாடம் ஆரம்பமானது. எழுவாய் ஒருமை என்றால் வினையும் ஒருமை; பன்மை என்றால் பன்மை. இதில் ஐயம் எழ வாய்ப்பில்லை என்றுதான் கருதியிருந்தேன்.

"எங்க ஆஸ்பத்திரி இங்கிலீஷ்ல வெர்ப்பே கிடையாதுங்க" என்றார். "'பேஷன்ட் ஸ்டேபிள். பிபி நார்மல். ஃபீவர் நில்.' இவ்வளவுதான் கேஸ் ஷீட்டு. வெர்ப்பு இருந்தாத்தானே அது எழுவாயோட ஒத்துப்போகணும்?"

"தேர்வில் அப்படி எழுத முடியாது."

"அங்க போனாலும் இப்படித்தான் எழுதுவேன். பேஷன்ட் பொழச்சா சரி."

முதல் பயிற்சியை முடித்தோம். ரேஷனில் பருப்பு வந்துவிட்டதாம். நாளை பையுடன் போக வேண்டும்.

ஜூன் 13, வியாழன்

ஓர் எழுவாய்க்குப் பின் 'அலாங் வித்', 'ஆஸ் வெல் ஆஸ்' போன்ற சொற்களால் இன்னொருவர் சேர்க்கப்பட்டால் என்ன செய்வது என்பது இன்றைய பாடம். நானே ஓர் எடுத்துக்காட்டு அமைத்தேன். வாதி, தன் சாட்சிகளுடன், நீதிமன்றத்தில் ஆஜராகியிருக்கிறார். இங்கே வினைச்சொல் வாதியை மட்டுமே பார்க்கும். சாட்சிகள் பத்துப் பேர் இருந்தாலும் 'இஸ்' தான், 'ஆர்' வராது.

"அப்ப கூட வந்தவங்க?"

"உடன் வருபவர் எண்ணிக்கையில் சேரார்."

"பாவம். பஸ்ஸுக்குக் காசு குடுத்து வந்திருப்பாங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும் ஓசை கேட்டது. நம் வீட்டில் சிரிப்புச் சத்தம் வந்தால் அவர்கள் எட்டிப் பார்ப்பது இயல்பே.

ஜூன் 18, செவ்வாய்

தண்ணீர் மோட்டார் பழுது. மெக்கானிக் வரும் வரை காத்திருந்ததில் பாடம் இல்லை.

ஜூன் 22, சனி

பிரதிப்பெயர்கள். எனக்கே இது பிடிபடாத பகுதி என்பதை இன்றுதான் உணர்ந்தேன். ஆவணம் எழுதுபவன் 'அவர்' என்று எழுதப் பயப்படுவான். எந்த அவர் என்று பின்னால் எவனாவது வழக்குப் போடுவான். அதனால் 'மேற்படி', 'மேற்சொன்ன', 'முதலாம் பிரதிவாதி' என்றே எழுதிப் பழகிவிட்டது. பயிற்சி வினாக்களைக் குமாஸ்தா பாண்டியராஜனிடம் தட்டச்சு செய்யக் கொடுத்தேன். அவர் என்னிடம் பன்னிரண்டு ஆண்டுகளாக இருப்பவர். என்னை விட நான்கைந்து வயது மூத்தவர். வாய் சும்மா இருக்காது.

"சார், இது பிரதிப்பெயர்ப் பரீட்சைங்கிறீங்க. ஒரு கேள்வியிலயும் பிரதிப்பெயரைக் காணோமே. எல்லாத்துலயும் 'த செய்டு டிஃபென்டன்ட்' தான் இருக்கு."

திருத்தி எழுதினேன். மாலையில் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு ஜெசிந்தா சொன்னது:

"நீங்க வீட்லயும் அப்படித்தாங்க. எங்க அம்மாகிட்ட போன்ல பேசும்போது கூட, 'ஜெசிந்தா குளிக்கிறாங்க, ஜெசிந்தா வந்ததும் சொல்றேன்'னுதான் சொல்வீங்க. 'அவ'ன்னு ஒரு தடவ சொல்லிப் பாருங்க, நாக்கு ஒண்ணும் சுட்டுடாது."

இதைப் பரிசீலிக்கிறேன்.

ஜூன் 29, சனி

வழிகாட்டி நூலில் உள்ள மாதிரித் தேர்வைக் கடிகாரம் வைத்து நடத்தினேன். ஜெசிந்தா தேறவில்லை. தேர்ச்சிக்குக் கிட்டத்தில்கூட வரவில்லை. 'ஈச்', 'எவ்ரி', 'நெய்தர்' வந்த இடமெல்லாம் தவறு. 'எனக்கும் உனக்கும் இடையே' என்று பொருள்படும் தொடரில் 'மீ' வர வேண்டிய இடத்தில் 'ஐ' என்று குறித்திருந்தாள்.

விடைத்தாளை மடித்து வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். இரவு உணவுக்குத் தோசை. வழக்கத்தைவிட இரண்டு அதிகமாகச் சாப்பிட்டேன். சட்னி நன்றாக இருந்ததே காரணம்.

ஜூலை 2, செவ்வாய்

காலையில் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டே ஜெசிந்தா சொன்னாள். மே மாதமே அவளைக் குழந்தைகள் வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மூன்றாம் மாடி.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?"

"சொன்னா மனு எழுதிருவீங்க. 'கருணை கூர்ந்து' ஆரம்பிச்சு ரெண்டு பக்கம். அதைக் கொண்டு போய்க் குடுத்தா, மேட்ரன் சிஸ்டர் படிச்சிட்டு என்னைப் பார்க்கிற பார்வைய நான்ல தாங்கணும்."

"மாற்றித் தரும்படி கேட்டாயா?"

"ஆளில்லன்னு சொல்லிட்டாங்க. அந்த ஜன்னலோரக் கட்டில்ல இப்ப ஒட்டன்சத்திரத்துப் பையன் ஒருத்தன் கெடக்கான். அவனுக்கும் டெங்குதான். பொழச்சுக்குவான். தினமும் என்கிட்ட ஜூஸ் கேட்டு அடம் பிடிக்கிறான்."

நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். இதற்கு மேல் எழுத அவசியமில்லை.

இன்று முதல் 'நெய்தர்' பகுதியைத் தொடக்கத்திலிருந்து மறுபடி நடத்துகிறேன்.

ஜூலை 6, சனி

நான் வினாவைப் படிப்பது, ஜெசிந்தா விடை சொல்வது. இந்த முறையில் வேகம் கூடியிருக்கிறது. 'ஒன் ஆஃப் த' வரும் இடங்களில் தடுமாற்றமே இல்லை. முப்பத்து மூன்றாம் வினா வரை ஒன்றும் தவறவில்லை. நான் முப்பத்தைந்தைப் படித்தேன்.

"முப்பத்திநாலை விட்டுட்டீங்க."

"அதில் அச்சுப்பிழை இருக்கிறது."

"என்ன பிழை?"

"விடைகள் சரியாக இல்லை. விட்டுவிடலாம்."

கையை நீட்டினாள். புத்தகத்தைத் தராமல் இருக்க எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. அவள் அந்த வினாவை வாய்விட்டு, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். 'மை டாட்டர், அலாங் வித் ஹெர் ஃப்ரெண்ட்ஸ், டேஷ் வெயிட்டிங் அட் த ஸ்கூல் கேட்.' என் மகள், தன் தோழிகளுடன், பள்ளி வாசலில் காத்திருக்கிறாள்.

"'இஸ்'" என்றாள். "'இஸ் வெயிட்டிங்.' சரியா?"

"சரி."

"பிழை ஒண்ணும் இல்லையே."

நான் விடைகளைச் சரிபார்க்கும் பக்கத்தைத் திருப்பினேன்.

"ஏங்க, நீங்க எழுதுற கேள்வியில எல்லாம் வாதி வருவாரு, பிரதிவாதி வருவாரு, ஜட்ஜு வருவாரு, அமீனா கூட வருவாரு. ஒரு குழந்தை வந்ததில்ல. நான் ஒண்ணும் உடைஞ்சு போயிட மாட்டேன். அங்க தினமும் பதினெட்டுப் பிள்ளைங்களுக்கு ஊசி போடுறேன். ஷெரின் இப்ப இருந்தா பத்து வயசு முடிஞ்சிருக்கும். அவ பேரை இந்த வீட்ல நான் ஒருத்திதான் சொல்றேன். உங்க வாயால கேட்டு மூணு வருஷம் ஆச்சு."

குக்கர் சத்தம் கொடுத்தது. அவள் எழுந்து போனாள். நான் முப்பத்தாறாம் வினாவைப் படித்து வைத்துக்கொண்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

பூசைக்குப் போய் வந்தோம். மழை இல்லை.

ஜூலை 10, புதன்

பாடம் முடிந்ததும் ஜெசிந்தா புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டாள்.

"நீங்களும் வாங்களேன்."

"எங்கே?"

"எங்கயா? மதுரைக்கு மல்லிப்பூ வாங்கவா கூப்பிடுறேன்? அங்கதான். முதல் ஆறு மாசம் நான் மட்டும். அப்புறம் கணவரைக் கூட்டிக்கலாம்னு ஏஜென்சியில சொன்னாங்க."

நான் பின்வருவனவற்றை எடுத்துச் சொன்னேன். என் நோட்டரி உரிமம் எனக்கு ஒதுக்கப்பட்ட எல்லைக்குள் மட்டுமே செல்லும். நான் படித்த சட்டம் அந்த நாட்டில் பயன்படாது. முடிவடையாத வழக்குகள் என் கையில் இருக்கின்றன. கட்சிக்காரர்களை நடுவில் கைவிடுவது தொழில் அறம் அன்று. இந்த வீட்டைப் பூட்டிப் போட்டால் கரையான் ஏறிவிடும்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"வர்றீங்களா இல்லையா?"

"யோசித்துச் சொல்கிறேன்."

"சரிங்க" என்றாள். அந்த 'சரிங்க'வில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

ஜூலை 15, திங்கள்

மாதிரித் தேர்வு. ஜெசிந்தா நன்றாகத் தேறினாள். பிரதிப்பெயர்ப் பகுதியில் ஒரு தவறுகூட இல்லை.

எனக்குத் தலைவலி. மாத்திரை போட்டுக்கொண்டேன்.

ஜூலை 20, சனி

மதுரையில் ஒரு கல்லூரியில் தேர்வு. அதிகாலைப் பேருந்தில் போனோம். பேருந்தில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். சின்னாளப்பட்டி தாண்டியதும் நடத்துநர் சில்லறை கேட்டு வந்தார். அவள் விழித்துவிடக் கூடாது என்பதற்காக மற்றக் கையால் பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தேன்.

வாசலில் நின்று கடைசியாகக் கேட்டாள்: "குழுவைக் குறிக்கிற சொல்லு வந்தா ஒருமையா, பன்மையா?"

இந்த இடத்தில் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. அவள் முழுக்க என்னை நம்பிக் கேட்டாள். நான் எதைச் சொன்னாலும் அதையே எழுதுவாள்.

"குழு ஒன்றாகச் செயல்பட்டால் ஒருமை. உறுப்பினர்கள் தனித்தனியே பிரிந்தால் பன்மை" என்றேன். அதுதான் சரியான விதி.

அவள் உள்ளே போன பின் பக்கத்தில் இருந்த மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்பதைத் தெரிவிக்க நான் கடமைப்பட்டவன் அல்ல.

வெளியே வந்தவள், "ஈஸிதாங்க" என்றாள். ஜிகர்தண்டா வாங்கித் தந்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

முடிவு வந்தது. தேர்ச்சி. நல்ல தேர்ச்சி.

என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "உங்களாலதாங்க" என்றாள். அதை மறுப்பதற்கில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. உடல்நலம் சரியில்லை.

செப்டம்பர் 23, திங்கள்

விசா வந்துவிட்டது. இனி ஒரே ஒரு தாள் பாக்கி. திருமணமான பெண்களுக்குக் கணவரின் ஒப்புதலைப் பிரமாணப் பத்திரமாக அந்த ஏஜென்சி கேட்கிறது. முன்பு ஒரு பெண் விமானம் ஏறிய பின் கணவன் வீட்டார் அலுவலகத்தில் வந்து கூச்சலிட்டார்களாம். சட்டப்படி இது தேவையே இல்லை. எந்தப் பெண்ணும் வேலைக்குப் போகக் கணவனுடைய அனுமதி வேண்டியதில்லை. இதை எழுத்து மூலம் ஏஜென்சிக்குத் தெரிவிக்கலாமா என்று ஜெசிந்தாவிடம் கேட்டேன்.

"எழுதுங்க. அவங்க பதில் போடுறதுக்குள்ள பிளைட்டு போயிரும்."

பத்திரத்தை நானே எழுதிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 26, வியாழன்

எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

நான் நோட்டரிதான். ஆனால் நானே உறுதி சொல்லும் பத்திரத்தில் நானே சான்றளிக்க முடியாது. நீதிமன்ற வளாகத்தில் எதிர்வரிசையில் இருக்கும் நோட்டரி சிராஜுதீனிடம் போனோம். அவரும் நானும் ஒரே ஆண்டில் தொழிலுக்கு வந்தவர்கள். பத்திரத்தை ஏந்திக்கொண்டு பாண்டியராஜன் பின்னால் வந்தார்.

"என்னய்யா செலஸ்டின், டாக்டரே ஊசி போட்டுக்க வந்திருக்காரு" என்றார் சிராஜுதீன். "உக்காருங்கம்மா. அயர்லாந்தா? அங்க எந்நேரமும் மழையாமே. நம்ம ஊருக்கு ரெண்டு குடம் அனுப்பி வைங்க."

அவருக்கு ஒரு வழக்கம். சட்டம் தெரிந்தவர், தெரியாதவர் யார் வந்தாலும் பத்தி பத்தியாக உரக்கப் படித்து, ஒவ்வொன்றுக்கும் தலையசைப்பு வாங்குவார். முதல் ஐந்து பத்திகளும் போயின. நான் யார், அவள் யார், திருமணம் எப்போது, அவள் தன் விருப்பத்தின்படிப் போகிறாள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆறாம் பத்தியைப் படித்தார். 'ஒப்பந்தக் காலம் முடிவுற்றவுடன் என் மனைவி மேற்படி ஜெசிந்தா, திண்டுக்கல்லில் உள்ள எங்கள் இல்லத்துக்கே திரும்பி வந்து என்னுடன் வாழ்வார் என்று உறுதியளிக்கிறேன்.'

"ஒரு நிமிஷங்க" என்றாள் ஜெசிந்தா. "இது ஏஜென்சி கேட்டதா?"

"இல்லை."

"அப்ப யாரு கேட்டது?"

"பொதுவாகச் சேர்ப்பதுதான். பத்திரம் முழுமையாக இருக்கும்."

"நான் திரும்பி வருவனான்னு எனக்கே தெரியாது. உங்களுக்கு எப்படிங்க தெரியும்? தெரியாத ஒண்ணுக்கு நீங்க சத்தியம் பண்ணலாமா?"

குரலை அவள் உயர்த்தவில்லை. வார்டில் நோயாளியின் உறவினரிடம் பேசும்போது எப்படிப் பேசுவாளோ அப்படித்தான் பேசினாள். சிராஜுதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பாண்டியராஜன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தான் அறிந்ததை மட்டுமே ஒருவன் பிரமாணமாகச் சொல்லலாம். இன்னொருவர் நாளை செய்யப்போவதை உறுதியாகச் சொல்ல எவனாலும் இயலாது. கட்சிக்காரர்கள் எத்தனை பேருக்கு இதைச் சொல்லி, எத்தனை பத்திகளை அடிக்க வைத்திருக்கிறேன் என்பதற்குக் கணக்கில்லை.

"அம்மா சொல்றது சரிதான்யா" என்றார் சிராஜுதீன் மெல்ல. "வேற டைப் அடிச்சுட்டு வரச் சொல்லட்டுமா? நான் இருக்கேன், அவசரமில்ல."

"வேண்டாம். அடித்துக் கொடுக்கிறேன்."

அளவுகோலை வைத்து ஆறாம் பத்தியின் வரிகளைக் கோடிட்டு அடித்தேன். அடித்தால் மட்டும் போதாது. எழுதிக் கொடுப்பவன் தானே மனமறிந்து அடித்தான் என்பதற்கு ஓரத்தில் சுருக்கொப்பம் இட வேண்டும். இல்லையேல் அந்த அடித்தல் செல்லாது. நான் இடும் வரை சிராஜுதீன் காத்திருந்தார்.

"தண்ணி குடிக்கிறியாய்யா?" என்று கேட்டார்.

வேண்டாம் என்று சொல்லிச் சுருக்கொப்பம் இட்டேன். கடைசியில், 'பத்தி ஆறு முழுவதும் அடிக்கப்பட்டது. வேறு அடித்தல் திருத்தல் இல்லை' என்று அவர் எழுதி முத்திரை வைத்தார். கட்டணம் வாங்க மறுத்துவிட்டார்.

வளாகத்து டீக்கடையில் நின்றோம். பாண்டியராஜன் தனக்கு வெற்றிலை வாங்க வேண்டும் என்று விலகிப் போனார். அவர் வெற்றிலை போடுவதில்லை.

"கோபமா?" என்று கேட்டாள்.

"இல்லை. நீ சொன்னது சட்டப்படி சரி."

"சட்டத்தை விடுங்க." டீயை ஆற்றிக்கொண்டே இருந்தாள். "நான் திரும்பி வருவேன்னு எழுதத் தெரிஞ்ச உங்களுக்கு, 'நானும் உன்கூட வர்றேன்'னு ஒரு வரி எழுதத் தோணலையேங்க. அதை எழுதியிருந்தா நான் அடிக்கச் சொல்லியிருப்பேனா? அது உங்களுக்குத் தெரிஞ்ச விஷயம்தானே. நீங்கதானே சொல்லணும்."

"யாராவது இங்கே இருக்க வேண்டும், ஜெசி."

"எதுக்கு?"

காரணம் அவளுக்குத் தெரியும்.

"அவ இங்க இல்லீங்க" என்றாள். "நீங்க ஞாயித்துக்கிழமை தவறாம கல்லறைக்குப் போய்ப் புல்லு பிடுங்குறீங்க. நான் ஒரு நாளும் வேண்டாம்னு சொன்னதில்ல. ஆனா எனக்கு அங்க அவ இல்ல. எனக்கு அந்த மூணாவது மாடியில, கடைசியா அவ கெடந்த ஜன்னலோரத்துலதான் இருக்கா. தினமும் அங்கயே இருக்கா. என்னால இனிமே முடியல."

டீ ஆறிவிட்டது. இருவருமே குடிக்கவில்லை. கடைக்காரர் கேட்டதற்கு நன்றாக இருந்தது என்றேன்.

அக்டோபர் 12, சனி

பெட்டி வாங்கினோம். எடை பார்க்கப் பாண்டியராஜன் அரிசிக் கடைத் தராசுக்குத் தூக்கிக்கொண்டு போனார். ஊறுகாய் பாட்டிலை எடுத்துவிடச் சொன்னேன், கசியும். எடுத்துவிட்டு, நான் அலுவலகம் போன பின் மறுபடி வைத்துவிட்டாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

காலைப் பூசை முடிந்து கொச்சிப் பேருந்து. பாண்டியராஜன் பெட்டிகளை ஏற்றினார்.

"கேஸ் சிலிண்டர் புக் பண்ணியிருக்கேன். வெள்ளிக்கிழமை வரும். மாத்திரை டப்பாவுல பேர் எழுதி ஒட்டியிருக்கேன். தலைவலிக்கு ஒண்ணுக்கு மேல போடாதீங்க. மாவு ரெண்டு நாளைக்குத்தான் தாங்கும்."

"சரி."

"சாப்பிடாம இருக்காதீங்க."

"சரி."

பேருந்து கிளம்பும்போது ஜன்னல் வழியே என் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள். பேருந்து நகர்ந்ததும் விட்டுவிட்டாள். வேறு ஒன்றும் நடக்கவில்லை.

அக்டோபர் 23, புதன்

மாவு புளித்துவிட்டது.

அக்டோபர் 27, ஞாயிறு

போன் செய்தாள். குளிர் அதிகமாம். முதியோர் வார்டு கிடைத்திருக்கிறது. எல்லோரும் எண்பது வயதுக்கு மேல்.

"ஒரு பிள்ளை கூட இல்லீங்க இங்க. நேத்து ராத்திரி நல்லாத் தூங்கினேன். விழிக்கவே இல்ல."

நல்லது என்றேன். உண்மையாகவே நல்லது என்றுதான் நினைத்தேன்.

நவம்பர் 2, சனி

கல்லறைத் திருநாள். இரண்டு நாள்களுக்கு முன்பே சுண்ணாம்பு அடித்துவிட்டேன். இன்று காலை பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு போனேன். பாண்டியராஜன் தன் வீட்டு வாளியுடன் வாசலில் நின்றிருந்தார். அவர் மதத்துக்கு இந்த நாள் ஒன்றும் இல்லை. ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"தண்ணி யார் சார் தூக்குவா?" என்றார்.

கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டம். ஒவ்வொரு குடும்பமும் தத்தம் கல்லைச் சுற்றி நின்று செபமாலை சொல்லிக்கொண்டிருந்தது. நான் செவ்வந்தியைச் சிலுவை வடிவில் அடுக்கி, காற்று அணைக்காதபடி தேங்காய்ச் சிரட்டைக்குள் வர்த்திகளை நிறுத்தினேன். பாதிரியார் புனித நீர் தெளித்துவிட்டுப் போன பின் போன் வந்தது. வீடியோ அழைப்பு. அவள் இருந்த இடத்தில் இன்னும் விடியவில்லை. கம்பளிக்குள் முகம் மட்டும் தெரிந்தது.

"பூ வச்சாச்சா?"

"வைத்தேன்."

"காட்டுங்க."

காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். அவளுக்குக் கல் வேண்டியதில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"ஏங்க, போனை அவகிட்ட சாய்ச்சு வச்சிட்டு, கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா?"

போனைச் சிலுவையின் அடியில், பூவுக்கு மேல் சாய்த்து வைத்தேன். குழாயடி வரை நடந்து போய் நின்றேன். அங்கிருந்து வெயிலில் திரை மின்னியது மட்டுமே தெரிந்தது. குரல் கேட்கவில்லை. காதைத் தீட்டிக்கொள்ளவும் இல்லை. பாண்டியராஜன் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கள்."

"பாஸ்போர்ட் இருக்கா உங்களுக்கு?"

"இல்லை."

"எடுத்து வைங்க. எடுத்தா போயே ஆகணும்னு சட்டமா இருக்கு? அலமாரியில கெடக்கட்டும். புல்லு பிடுங்க நான் இல்லையா? ஞாயித்துக்கிழமை எனக்கு வேற என்ன வேலை?"

"யோசித்துச் சொல்கிறேன்."

"யோசிங்க. அதுக்குத்தானே படிச்சிருக்கீங்க" என்றார். வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

நான் திரும்பி வந்தபோது அழைப்பு முடிந்திருந்தது. திரை கறுத்துக் கிடந்தது. அதன் மேல் இரண்டு இதழ்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. இருவருக்கும் இடையே நடந்தது அது. நான் மணலில் உட்கார்ந்தேன். வேட்டி அழுக்காகும் என்பது நினைவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். சத்தமாகத்தான் வந்துவிட்டது. அடுத்த கல்லில் செபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஒரு கணம் நிறுத்தி, பிறகு தொடர்ந்தார்கள்.

என் மகள் ஷெரினை விட்டுவிட்டு எங்கும் போக என்னால் இயலவில்லை என்பதும், அதே காரணத்தால் என் மனைவியால் இங்கே இருக்க இயலவில்லை என்பதும், அவள் கேட்டபோது இதை நான் சொல்லாமல் உரிமத்தையும் கரையானையும் சொன்னேன் என்பதும், அவளைப் பார்க்காமல் இருக்கவும் என்னால் இயலவில்லை என்பதும் உண்மை. இதில் அடித்தல் திருத்தல் இல்லை.

(ஒப்பம்)
சூ. செலஸ்டின்
திண்டுக்கல்

சாட்சிகள்:
1. மு. பாண்டியராஜன், குமாஸ்தா
2. செ. ஷெரின், வயது ஏழு